ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டவே வேண்டாம்

ரொம்ப நாளா மனசுல கிடக்கிற எரிச்சல் இது. இன்னிக்கு எழுதி முடிச்சுடறேன்.

ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சின்னு எங்க போனாலும் ஒரு கட்டத்துல இந்த வேலையைக் கொடுப்பாங்க. "அஞ்சஞ்சு பேரா உக்காருங்க. உங்க வகுப்புக்கு ஒரு வெப்சைட் செய்யுங்க."

நல்ல வேலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையும்கூட. ஆனா அதுக்கு அடுத்து ஒண்ணு சொல்வாங்க பாருங்க: "ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கோங்க."

அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது.

தமிழம்மா ஒரு பக்கம், கணக்கு சார் ஒரு பக்கம், சயின்ஸ் டீச்சர் ஒரு பக்கம். ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒரு அடுப்பு மூட்டின மாதிரி. ஒரு பக்கத்துல எழுத்து கொட்டை கொட்டையா இருக்கும். இன்னொண்ணுல கண்ணைச் சுருக்கிப் பார்க்கணும். முகப்புல பள்ளிக்கூடக் கட்டடம், ஹெச்.எம். வாழ்த்துரை, ஒரு பொன்மொழி. பயிற்சியோட கடைசி நாள் பெரிய திரையில காட்டுவாங்க. கைதட்டுவோம். குரூப் போட்டோ எடுப்போம். அதுக்கப்புறம் அந்த வெப்சைட்டை யாருமே திறக்க மாட்டோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு அதைத் திறந்தா அதுக்கு அங்க என்ன கிடைக்கும்?

ஒண்ணுமே கிடைக்காது. அதுதான் என் கோபம்.

நான் அரசு உயர்நிலைப்பள்ளியில சயின்ஸ் டீச்சர். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு வகுப்பு வெப்சைட்டைக் கட்டி, கலைச்சு, திரும்பக் கட்டி, இப்போ பிள்ளைங்க நிஜமாவே திறந்து பார்க்கற நிலைமைக்குக் கொண்டு வந்திருக்கோம். அதுல நான் உறுதியா நம்பற ஒரு விஷயம் இருக்கு. வெப்சைட்டைக் குழுவா செய்யறதுன்னா, நான் எழுதினதை நீங்க திருத்தலாம், நீங்க எழுதினதை நான் திருத்தலாம்னு ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கறது. பக்கத்தைப் பங்கு போட்டுக்கிட்டா அந்த ஒத்துக்கறதுக்கு இடமே இல்லாம போயிடுது.

இது ஒண்ணும் புதுசா முளைச்ச யோசனை கிடையாது. 1995-ல வார்ட் கன்னிங்காம்னு ஒரு அமெரிக்க நிரலாளர், யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய முதல் விக்கித் தளத்தைத் திறந்தார். நாம இன்னிக்குப் பயிற்சியில பயன்படுத்தற கூகுள் சைட்ஸ் இருக்கே, அதோட பூர்வீகமும் விக்கிதான். ஜாட்ஸ்பாட்னு ஒரு விக்கி கம்பெனியை 2006-ல கூகுள் வாங்குச்சு. அதை வெச்சுத்தான் 2008-ல கூகுள் சைட்ஸை வெளியிட்டாங்க. ஒருத்தர் எழுதினதுல இன்னொருத்தர் கை வைக்கறதுக்குன்னே பிறந்த கருவி அது! அதைக் கையில கொடுத்துட்டு, "அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க பார்த்துக்கோங்க"ன்னு சொன்னா எப்படி?

(தமிழ் விக்கிப்பீடியா 2003-ல இருந்து இந்த வழியிலதான் வளருது. 2017-ல நம்ம மாநிலத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பல பேருக்கு அதுல எழுதப் பயிற்சியும் கொடுத்தாங்க. அதனால நம்ம ஆளுங்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம்னு சொல்ல முடியாது.)

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

யாருக்கு இந்த வெப்சைட்?

முதல்ல நாங்களும் பாடவாரியாத்தான் பக்கம் வெச்சுப் பார்த்தோம். அப்போ ஹைடெக் லேப்ல நாலு பிள்ளைங்களைக் கூப்பிட்டு, "நேத்து லீவு போட்டவங்க இதுல என்ன பார்ப்பீங்க?"ன்னு கேட்டோம். ஒரு பையன் தமிழ்ப் பக்கம் போனான், வெளிய வந்தான். கணக்குப் பக்கம் போனான், வெளிய வந்தான். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், நேத்து என்ன நடத்தினீங்கன்னு எங்க இருக்கு?"ன்னு கேட்டான்.

இதைவிட நல்ல மதிப்பீடு எந்தப் பயிற்சியிலயும் எனக்குக் கிடைச்சதில்லை.

அன்னிக்கே உக்காந்து பேசினோம். இந்த வெப்சைட்டைத் திறக்கப்போறது யாரு? காய்ச்சல்ல லீவு போட்ட பிள்ளை. ராத்திரி அப்பா வேலை முடிஞ்சு வந்த பிறகுதான் போன் கைக்குக் கிடைக்கிற பிள்ளை. நடுவருஷத்துல வேற ஊர்ல இருந்து வந்து சேர்ந்த பிள்ளை. "உனக்கு இன்னிக்கு என்ன வீட்டுப்பாடம்?"னு கேட்டுப் பதில் வராத அம்மா.

அவங்க யாருக்கும் "கணிதம்"னு ஒரு கதவு வேண்டாம். அவங்க ஒரு கேள்வியோட வர்றாங்க. அதனால பக்கங்களுக்கு அந்தக் கேள்விகளையே பேரா வெச்சோம்:

இந்த வாரம் என்ன நடந்துச்சு?
வீட்டுப்பாடம் என்ன?
லீவு போட்டுட்டேன், எங்கிருந்து படிக்கறது?
வீட்லயே செஞ்சு பாக்கலாமா?
பரீட்சைக்கு எதெல்லாம்?

அவ்வளவுதான். அஞ்சு பாடமும் ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கு. யாருக்கும் தனிப் பக்கம் கிடையாது. இப்படி வெச்ச உடனேயே ஒரு அதிசயம் நடந்துச்சு. அஞ்சு பேரும் ஒரே பக்கத்துல எழுதறதால, அடுத்தவங்க என்ன நடத்தறாங்கன்னு எங்களுக்கே தெரிய ஆரம்பிச்சுது! ஒரே ஸ்டாஃப் ரூம்ல வருஷக்கணக்கா டீ குடிக்கறோம். ஆனா சோஷியல் சார் இந்த மாசம் எந்தப் பாடத்துல இருக்கார்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கை வைக்கலாமா?

அடுத்த சிக்கல், திருத்தறது. ஒரு ஆசிரியர் எழுதினதை இன்னொரு ஆசிரியர் திருத்தறதுன்னா லேசுப்பட்ட காரியமா? "என் பாடத்துல நீங்க எப்படி?"ன்னு முகத்துலயே தெரியும். எங்க கணக்கு சார் ரொம்ப நேர்மையான மனுஷர். வெளிப்படையாவே சொன்னார்: "டீச்சர், பையங்க நோட்டை நான் திருத்துவேன். என் நோட்டை யாராவது திருத்தினா எனக்குத் தாங்காது."

அதனால ரெண்டு விதி வெச்சுக்கிட்டோம். மொழியை யார் வேணும்னாலும் எளிமையாக்கலாம், கேக்க வேண்டியதில்லை. பாட விஷயத்தை மாத்தணும்னா மட்டும் அந்தப் பாட ஆசிரியர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.

எழுதறதை முதல்ல கூகுள் டாக்ஸ்ல போடறோம். அதுல பரிந்துரை முறைன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டுத் திருத்தினா பழைய வரி அழியாது. திருத்தம் தனி நிறத்துல தெரியும். எழுதினவங்க "சரி"ன்னு ஏத்துக்கலாம், வேண்டாம்னு தள்ளலாம். மரியாதையும் கெடாது, வேலையும் நடக்கும். எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகுதான் அது சைட்ஸுக்குப் போகும்.

இதுல கிடைச்ச லாபத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன்.

அமிலம், காரம் பாடத்துக்கு மஞ்சள் தாள் சோதனையை எழுதிப் போட்டிருந்தேன். மஞ்சள் தூளைக் குழைச்சுத் தாள்ல தடவி, காய வெச்சு, அதுல சோப்புத் தண்ணி விட்டா அந்த இடம் செந்நிறமாகும். எலுமிச்சைச் சாறு விட்டா மஞ்சளாவே இருக்கும். எல்லா சயின்ஸ் டீச்சரும் நடத்தறதுதான்.

தமிழம்மா அதைப் படிச்சுட்டு வரிசையா கேக்கறாங்க: "எந்தத் தாள் டீச்சர்? வழவழப்பான காலண்டர் தாள்ல மஞ்சள் ஒட்டுமா? எவ்வளவு நேரம் காயணும்? எலுமிச்சை விட்டா ஒண்ணுமே ஆகலையே, தான் செஞ்சதுதான் தப்புன்னு பிள்ளை நினைச்சுக்காதா?"

கடைசிக் கேள்வி இருக்கே, அது தங்கம்! 'நிறம் மாறாததும் ஒரு பதில்தான்'னு ஒரு வரி அங்க வேணும்னு பாடம் தெரிஞ்ச என் கண்ணுல படாது. பாடம் தெரியாத, ஆனா பிள்ளைங்களைத் தெரிஞ்ச ஒரு கண்ணுக்குத்தான் படும். பக்கத்து ஆசிரியரைவிட நல்ல முதல் வாசகர் நமக்குக் கிடைக்கவே மாட்டாங்க.

இன்னொண்ணு. சோஷியல் சார் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தி ஆண்டுகளை வரிசையா எழுதி வெச்சிருந்தார். 1600-ல கம்பெனி தொடக்கம், 1806-ல வேலூர்ப் புரட்சி, 1857-ல பெரும் கிளர்ச்சி. கணக்கு சார் அதுல கை வெச்சார். (ஆமா, அதே கணக்கு சார்தான்.) "50 வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர்னு கோடு போட்டு இதைக் குறிக்கச் சொல்லுங்க சார்." பிள்ளைங்க ஸ்கேல் எடுத்துப் போட்டாங்க. 1600-க்கும் 1806-க்கும் நடுவுல 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வேலூருக்கும் 1857-க்கும் நடுவுல வெறும் 1 சென்டிமீட்டர்! ரெண்டும் எவ்வளவு கிட்டன்னு ஆண்டை மனப்பாடம் செஞ்சா தெரியாது. கோட்டுல பார்த்தா தெரியுது. விகிதக் கணக்கும் ஆச்சு, வரலாறும் ஆச்சு.

ஆளுக்கு ஒரு பக்கம்னு இருந்திருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க?

பாமினி, வானவில், அப்புறம் கண்ணீர்

ஆசிரியர்கள்கிட்ட பழைய வினாத்தாள் எத்தனை இருக்கும்! பென் டிரைவ் பென் டிரைவா இருக்கும். எல்லாம் பாமினியிலயோ வானவில்லயோ அடிச்சது. அதை எடுத்து வெப்சைட்ல ஒட்டினா ஆங்கில எழுத்துக் குவியல்தான். பாமினியில அடிச்சதா இருந்தா புள்ளி இருக்க வேண்டிய இடத்துல அரைப்புள்ளி. அந்த எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வெச்சவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்துல தமிழ் காணாமப் போயிடும்.

யூனிகோடுக்கு மாத்தறதுதான் ஒரே வழி. தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடையும் டேஸ்-16-ங்கிற குறியாக்கத்தையும் தரமா அறிவிச்சாச்சு. மாத்தித் தர்ற எழுத்துரு மாற்றிகள் இணையத்துல இலவசமாவே இருக்கு. மாத்தின பிறகு ஒருத்தர் உக்காந்து படிச்சே ஆகணும், கொம்பும் காலும் அங்கங்க இடம் மாறி உக்காந்திருக்கும். எங்க குழுவுல அந்த வேலையை இங்கிலீஷ் டீச்சர் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. "தமிழ்ல நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அதனால எனக்குத்தான் பிழை கண்ணுல படும்"னாங்க. நிஜம்தான்!

தட்டச்சு வராதவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2017-ல இருந்து கூகுள் விசைப்பலகையில தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கு. போன்ல பேசினா எழுத்தா வருது. எங்க சோஷியல் சார் வகுப்பு முடிஞ்சு வராண்டாவுல நடந்துக்கிட்டே மூணு வரி சொல்லிடறார். வேலை முடிஞ்சுது.

தாளைப் போட்டோ எடுத்துப் போடறது

இதுல எனக்குப் பிடிவாதமான கருத்து இருக்கு. கையால எழுதின தாளைப் போட்டோ எடுத்து, அதைப் பிடிஎஃப் ஆக்கி, வெப்சைட்ல தொங்க விடறதை நிறுத்தணும்.

எங்க வகுப்புல பார்வை குறைவான பிள்ளை ஒருத்தி இருக்கா. எழுத்தா இருந்தா போன்ல பெருசாக்கிப் படிப்பா, இல்லேன்னா ஆண்ட்ராய்டு போன்லயே இருக்கிற டாக்பேக் அவளுக்கு வாசிச்சுக் காட்டும். போட்டோ போட்டா அதுல இருக்கிற வரி எதையும் டாக்பேக் சரியா வாசிக்காது. பெருசாக்கினா வரி திரைக்கு வெளிய ஓடும். தேடினாலும் கிடைக்காது. டேட்டாவும் தீரும். படம் போட்டே ஆகணும்னா, படத்துல என்ன இருக்குன்னு மாற்று உரை எழுதற இடம் இருக்கு. ஒரே ஒரு வரி. அதை எழுதிடுங்க.

அதே மாதிரி பாடப்புத்தகத்தை ஸ்கேன் பண்ணிப் போடவே வேண்டாம். புத்தகம் அரசுத் தளத்துலயே கிடைக்குது. 2018 புதுப் பாடத்திட்டப் புத்தகங்கள்ல இருந்து க்யூஆர் குறியீடு வந்துடுச்சு. 2017-ல தொடங்கின தீக்‌ஷா தளத்துல காணொலிகள் இருக்கு. லிங்க் கொடுத்தா போதும்.

ஆனா வெறும் லிங்க் குவியலும் வேண்டாம்! 1995-லயே சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பெர்னி டாட்ஜ் 'வெப்குவெஸ்ட்'னு ஒரு முறையை உருவாக்கினார். பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடு, அதைச் செய்யற படிகளைச் சொல்லு, அதுக்கு எங்க பார்க்கணும்னு காட்டு, எப்படி மதிப்பிடப் போறோம்னு முன்னாடியே சொல்லிடு. அவ்வளவுதான் அதோட சாரம். 'இந்த வீடியோவைப் பார்'னு போடறதுக்கும், 'இந்த வீடியோவைப் பார்த்துட்டு உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியோட கொள்ளளவைக் கண்டுபிடி'ன்னு போடறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

பிள்ளைங்க முகம்

இதுல விளையாட்டே கூடாது.

ஆண்டு விழா, பரிசு, சீருடையில வரிசையா நிக்கற படம் எல்லாம் வெப்சைட்ல போட ஆசையாத்தான் இருக்கும். ஆனா வெப்சைட்டை உலகத்துல யாரும் திறக்கலாம். முகம், பேர், பள்ளிக்கூடம், ஊர், நாலும் ஒரே பக்கத்துல கிடைச்சா அது யார் கைக்கு எதுக்குப் போகும்னு சொல்ல முடியாது. 2023-ல வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. அவங்க தகவலைக் கையாளப் பெத்தவங்களோட சம்மதம் வேணும்னும் சொல்லுது.

எங்க குழு முடிவு: முகம் கிடையாது, பேர் கிடையாது, மார்க் கிடையவே கிடையாது. மஞ்சள் தாளைப் பிடிச்சிருக்கற கை, கோடு போட்ட நோட்டு, பிள்ளைங்க செஞ்ச மாடல், இது போதும். பிள்ளைங்களுக்குத் தெரியும் அது யார் கைன்னு. "அது என் வளையல்!"னு ஒருத்தி குதிச்சதைப் பார்க்கணுமே!

(பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல இதை விளக்கினப்போ அம்மாக்கள் எல்லாரும் எங்க பக்கம் நின்னாங்க.)

சாவி யார்கிட்ட?

இதைப் பயிற்சியில யாருமே பேசறதில்லை. வெப்சைட் யாரோ ஒருத்தர் சொந்த ஜிமெயில்ல இருக்கும். கலந்தாய்வுல அவங்களுக்கு மாறுதல் கிடைக்கும். வெப்சைட்டும் அவங்களோட போயிடும். பாஸ்வேர்டும் மறந்துடும். தனிப்பட்ட கணக்குல ரெண்டு வருஷம் நுழையாம விட்டா, 2023-ல வந்த விதிப்படி கூகுள் அந்தக் கணக்கையே அழிக்கலாம்.

அதனால வகுப்புக்குன்னே தனிக் கணக்கு. மீட்பு எண் பள்ளி அலுவலக எண். பாஸ்வேர்டு ஹெச்.எம். பீரோவுல ஒரு கவர்ல. மாறுதல்ல போறவங்க பொறுப்பு ஒப்படைக்கிற பட்டியல்ல லேப் சாவி, அறிவியல் உபகரணங்களோட இதுவும் ஒரு வரி.

கருவியையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிட முடியாது. மாணவர்கள் குழுவா வெப்சைட் செஞ்சு போட்டி போட்ட திங்க்குவெஸ்ட் 1996-ல தொடங்குச்சு, 2013-ல மூடிட்டாங்க. உலகம் முழுக்க ஆசிரியர்கள் வகுப்புக்காகப் பயன்படுத்தின விக்கிஸ்பேசஸ் 2018-ல மூடியாச்சு. எத்தனை ஆசிரியர்களோட உழைப்பு! எழுதின மூலம் எல்லாம் தனியா டாக்ஸ்ல, பென் டிரைவ்ல இருக்கணும். வெப்சைட் போனாலும் பாடம் போகக் கூடாது.

"அதான் வாட்ஸ்அப் க்ரூப் இருக்கே!"

இது எல்லாரும் கேக்கற கேள்வி. இருக்கட்டும், வேணும். அவசரத்துக்கு அதுதான். ஆனா போன மாசம் போட்ட சோதனைக் குறிப்பை அதுல தேடிப் பாருங்க. காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவுல புதைஞ்சு கிடக்கும். வாட்ஸ்அப்ல சொல்றது ஓடிடும், வெப்சைட்ல வெச்சது அங்கேயே நிக்கும். நாங்க ரெண்டையும் சேர்த்துட்டோம். பாடம் வெப்சைட்ல, அதோட லிங்க் மட்டும் க்ரூப்ல.

வேலைச்சுமையைப் பத்தியும் சொல்லணும். எமிஸ் தளத்துல பதிவு, பேப்பர் திருத்தறது, இதுக்கு மேல இதுவான்னு கேப்பீங்க. நியாயம்தான். வாரத்துக்கு ஒருத்தர்தான் பொறுப்பு. மத்த நாலு பேரும் நடத்தினதை மூணு வரி சொல்லணும், வேற ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மணி அடிச்ச பிறகு கொஞ்ச நேரம் சேர்ந்து உக்காந்து படிச்சுட்டு வெளியிடறோம். சைட்ஸ்ல திருத்தறது வேற, வெளியிடறது வேற பொத்தான். அதனால அரைகுறையா இருக்கறது பிள்ளைங்க கண்ணுல படாது. யாராவது தெரியாம அழிச்சாலும் பதிப்பு வரலாற்றுல போய் மீட்டுடலாம். பயமே வேண்டாம்.

உங்க பள்ளிக்கூடத்துல தொடங்கணும்னா முழு வெப்சைட்டும் வேண்டாம். ஒரு பக்கம் போதும். 'இந்த வாரம் என்ன நடந்துச்சு?' அதுல நீங்க நாலு வரி எழுதுங்க. எழுதிட்டுப் பக்கத்து நாற்காலியில இருக்கறவங்ககிட்ட, வேற பாடம் எடுக்கறவங்கன்னா இன்னும் நல்லது, "இதுல கை வைங்க"ன்னு கொடுங்க.

பயிற்சி நடத்தறவங்களுக்கு என் விண்ணப்பம் ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சுக் கொடுக்காதீங்க. மூணு பேருக்கு ஒரு பக்கம் கொடுங்க, சண்டை வரட்டும், பேசித் தீர்க்கட்டும். அழகா இருக்குன்னு கடைசி நாளே மார்க் போட்டுடாதீங்க. ரெண்டு மாசம் பொறுங்க. அந்த வகுப்புல லீவு போட்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, விட்டுப்போன பாடம் அதுல கிடைச்சுதான்னு கேளுங்க. கேட்டுட்டு மார்க் போடுங்க.